போனஸ்

ஆரணியில் போனஸ் என்றால் தீபாவளி. எங்களுக்கு வேறு அர்த்தம் தெரியாது. கூட்டுறவு சங்கத்துக்கு நெய்கிறவர்களுக்கு ஐப்பசியில் ஒரு தொகை வரும். முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவர்களுக்குத் துணிமணி, ஒரு பெட்டி ஸ்வீட், அவர் மனசு வைத்தால் கொஞ்சம் பணம். தறியும் இல்லாமல், சங்கத்தில் பெயரும் இல்லாமல், தார் சுற்றிக் கொடுக்கவும் பாவு பிணைக்கவும் கூப்பிட்ட வீட்டுக்குப் போய் வந்த எங்களைப் போன்றவர்களுக்கு, "தீபாவளி கிட்ட வந்து பாரு" என்கிற வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல்லுக்காக எங்கம்மா நான்கு வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நின்ற இடமும் ஞாபகம் இருக்கிறது. திண்ணைக்குக் கீழே.

போன வருஷம் எனக்கு வந்த ஒரு கடிதத்தில் இந்த போனஸ் என்கிற சொல் வேறொரு அர்த்தத்தில் இருந்தது. அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. செத்துப்போன ஒரு மனுஷன் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததை எடுத்து உலகத்துக்குக் கொடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கா, கூட அடித்தவர்களுக்கா, பதிவு செய்த நாடாவை வைத்திருப்பவருக்கா? வரலாறே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட நாம், கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்க்க வேண்டியவர்கள் அல்லவா? அதில் ஒன்றை எடுத்து, இது வேண்டாம் என்று சொல்கிற வசதி நமக்கு இருக்கிறதா?

கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1996. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்க நைனா பறை அடிப்பவர். பகலில் பாவு பிணைக்கப் போவார். தறியில் பழைய பாவு முடிந்ததும் முழுக்க அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். கொஞ்சம் நூலை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்து, புதுப் பாவை அதோடு இழைக்கு இழை பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. எச்சிலும் சாம்பலும் தொட்டு விரல் முறுக்கிக்கொண்டே போகும். அந்த விரல்தான் ராத்திரியில் குச்சி பிடிக்கும்.

ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை என்று எங்க சேரியில் முடிவெடுத்து அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதையொட்டிப் பல மாவட்டங்களில் நடந்ததுதான் எங்களிடமும் நடந்தது. பறையைக் கொளுத்து, அது இழிவின் சின்னம் என்றது ஒரு கட்சி. கொளுத்தாதே, அது நம் கருவி, மேடையில் ஏற்று என்றது இன்னொரு கட்சி. இதுபோன்ற ஏடுகளில் அன்றைக்கு அது பெரிய விவாதம். இரண்டு பக்கத்திலும் நான் பிற்பாடு கத்தியிருக்கிறேன். நைனா எந்தக் கட்சியும் இல்லை. அம்மன் கூழ் ஊற்றும்போது அடிப்பார், எங்க ஜனங்க கல்யாணத்துக்கு அடிப்பார், ஏப்ரல் 14க்கு அடிப்பார். சாவு அடியை மட்டும் விட்டார். ஊருக்கு மட்டுமல்ல, சேரியில் செத்தவர்களுக்கும் அடிக்கவில்லை. தன் சொந்த அண்ணன் பாடைக்கு முன்னால்கூட வெறுங்கையோடுதான் நடந்தார். "உட்டது உட்டதுதான்" என்றார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒரு பட்டு முதலாளி வீட்டுப் பையன் எங்க தெருவுக்கு வந்தார். சென்னையில் காலேஜ் முடித்தவர், எலக்ட்ரிக் கித்தார் வைத்திருந்தார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' என்கிற 1986ஆம் வருஷத்து கேசட்டை நாடா தேயத் தேயக் கேட்டவர். பாட்டு வரிகள் இல்லாத இசை அது. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் காணிக்கை. பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் பாஹைத் தன் வீட்டில் சந்தித்துப் பேசியதாகவே அதில் இரண்டு உருப்படிகளுக்குத் தலைப்பு. "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கலாம்னா கித்தாரும் பறையும் பேசிக்கக் கூடாதா?" என்று அந்த அண்ணன் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். எங்க வீட்டில் தண்ணி குடித்தார். 1996இல் அது சின்ன விஷயம் இல்லை, இப்போதும் இல்லை.

வேலூரில் இரண்டு ராத்திரி பதிவு. நைனா, இன்னும் இரண்டு பேர் பறை, மாமா ஒருத்தர் சட்டி. கித்தாரும் ஒரு கேசியோவும் அண்ணன். ஏழு உருப்படி. ராத்திரிக்கு ஆளுக்கு நூறு ரூபாய். கேசட் அட்டையில் அண்ணன் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே 'மற்றும் ஆரணி பறைக் குழுவினர்'. ஐந்நூறு போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில் கொஞ்சம் விற்றது, மிச்சம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு போனது. அதோடு எல்லாரும் மறந்தார்கள். நைனா 2011இல் இறந்தார்.

போன வருஷக் கடிதம் ஒரு மறுவெளியீட்டுக் கம்பெனியிடமிருந்து. பழைய கேசட் ஒன்று எப்படியோ யார் கைக்கோ போய், அங்கிருந்து அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. "பரிசோதனை ராக்" என்று எழுதியிருந்தார்கள். அப்படியொரு ஜாதி அந்த இசைக்கு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பெரிய கருப்புத் தட்டில், நல்ல அட்டையில் போடுவார்களாம். அண்ணன் வீட்டுப் பரணில் ஸ்டுடியோவின் ஸ்பூல் நாடா முழுசாகக் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து கேசட்டில் வராத பகுதிகளை எடுத்து போனஸாகச் சேர்ப்பார்களாம். வாரிசுகள் கையெழுத்து வேண்டும். கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பியும் இருந்தார்கள்.

போனஸ் இரண்டு. ஒன்று, சாவு அடி. பதினோரு நிமிஷம். பதிவு முடிந்த இரண்டாவது ராத்திரி அண்ணன் ரொம்பக் கெஞ்சியதால் அடித்தது, அடித்து முடித்ததும் "இத போட்றாத தம்பி, அழிச்சிடு" என்று நைனா சொன்னது என்று அண்ணனே என்னிடம் சொன்னார். மறைக்கவில்லை. இன்னொன்று இரண்டு நிமிஷப் பேச்சு. தாளம் தட்டிப்போய் நிறுத்தி நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நைனா குரல் வருகிறது: "தப்பா போச்சுங்களா சாமி? மன்னிச்சிக்கோங்க சாமி. இதோ." மறுபடி அடி. மறுபடி நிற்கிறது. மறுபடி "மன்னிச்சிக்கோங்க சாமி."

நைனாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. அந்த அண்ணனுக்கு இருபத்திரண்டு.

இந்த மறுவெளியீடு என்கிற தொழில் எப்படி நடக்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. எழுபதுகளில் பம்பாயில் அடாமிக் ஃபாரஸ்ட் என்று ஒரு ராக் குழு, 'அப்செஷன் 77' என்று ஒரே ஒரு இசைத்தட்டு. பல ஆண்டுகள் கழித்து, 2011இல் அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் அதுவரை வெளிவராத பதிவுகளையும் சேர்த்து அதை மறுபடி கொண்டுவந்தது. அதே 2011இல் இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான சினிமாப் பாட்டுகளைப் பொறுக்கி, 'சொல்ல சொல்ல' என்று ஒரு தொகுப்புப் போட்டது. நாம் டீக்கடையில் கேட்டது அவர்களுக்கு எலக்ட்ரானிக் பாப். அந்தக் கம்பெனியின் பெயரைத் தமிழில் சொன்னால், கண்டெடுத்தவன் வைத்துக்கொள்வான். பெயரிலேயே கொள்கை இருக்கிறது என்று நான் சிரித்துக்கொண்டேன். சிரித்த பிறகு, அவர்கள் கண்டெடுக்காவிட்டால் யார் எடுத்திருப்பார்கள் என்றும் தோன்றியது. நாமா எடுத்தோம்? எங்க வீட்டில் இருந்த ஒரே கேசட்டை எலி கடித்து நாங்கள்தான் குப்பையில் போட்டோம்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர்கள் இரண்டு பேரும் அமெரிக்காவின் டெட்ராய்ட்காரர்கள். கார் தொழிற்சாலைகளின் ஊர் அது. ரோட்ரிகஸ் என்பவர் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 1970இல் ஒன்று, 1971இல் ஒன்று, இரண்டு இசைத்தட்டு. விற்கவில்லை, கம்பெனி கழற்றிவிட்டது. வீடு இடிக்கிற வேலை, கட்டட வேலை என்று கூலிக்குப் போய்விட்டார். அதே நேரம் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சிக்குக் கீழே, அவர் பாட்டைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. அது அவருக்கு 1990களின் கடைசி வரை தெரியாது. அந்த விற்பனைக் காசு எங்கே போனது என்பது 2012இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்திலேயே ஒரு கேள்வியாக வருகிறது. 2008இலும் 2009இலும் லைட் இன் தி ஆட்டிக் என்கிற நிறுவனம் இரண்டு தட்டையும் மறுபடி போட்டது. இரண்டாவதில் மூன்று பாட்டு போனஸ். மூன்றாவது இசைத்தட்டுக்காக அவர் ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன பாட்டுகள் அவை. அவர் 2023இல் இறந்தார். அந்த போனஸைக் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் பாட நினைத்ததைப் பாட விடவில்லை. பாட விடாததைத்தான் பிறகு சேர்த்தார்கள். சம்பளம் பிடித்தவனிடமிருந்து பிடித்ததை வாங்கிக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று டெத் என்கிற குழு. டெத் என்றால் சாவு. ஹாக்னி என்கிற குடும்பத்தின் மூன்று கறுப்பின அண்ணன் தம்பிகள். 1975இல் ஏழு பாட்டு பதிவு செய்தார்கள். கறுப்பர்கள் என்றால் இந்த மாதிரிப் பாட்டுத்தான் பாட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்த காலத்தில் இவர்கள் வேறு எவரும் அடிக்காத வேகத்தில் ராக் அடித்தார்கள். பெயரை மாற்று, எடுத்துக்கொள்கிறோம் என்று வந்த வாய்ப்பை மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் சொந்தக் காசில் இரண்டு பாட்டை மட்டும் ஐந்நூறு தட்டு போட்டார்கள். எங்க கேசட்டும் ஐந்நூறுதான் என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. டேவிட் 2000இல் இறந்தார். 2009இல் டிராக் சிட்டி அந்த ஏழு பாட்டையும் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த மனுஷன் சாவு என்கிற பெயரை விடமாட்டேன் என்றார். எங்க நைனா சாவு அடியை எடுக்கமாட்டேன் என்றார். இரண்டு மறுப்பும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தெரிகிறது. ஆனால் இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: என்னை எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்வேன். டேவிட் சொன்னதை இறந்த பிறகும் காப்பாற்றினார்கள், தட்டில் டெத் என்றுதான் இருக்கிறது. காப்பாற்றியதற்காகவே அவரைக் கொண்டாடுகிறார்கள். நைனா சொன்னதை மீறினால்தான் அவரைக் கொண்டாட முடியும் என்கிறார்கள்.

இங்கே என் மகள் என்னோடு சண்டைக்கு வந்தாள். காலேஜில் படிக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றுவரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "தாத்தா வெட்கப்பட்டாருன்னு சொல்ற. அந்த வெட்கம் அவரோடதா? ஊர்க்காரன் குடுத்ததுதானே? அவன் குடுத்த வெட்கத்துக்கு நீ காவல் காக்கப் போறியா? அம்பேத்கர் எழுதி வெச்சிட்டுப் போனத அவரு வெளியிடலன்னு பொட்டியிலயே பூட்டி வெச்சிருந்தா இன்னைக்கு நீயும் நானும் இன்னா படிச்சிருப்போம்?"

சரியான இடத்தில் அடித்தாள். பாபாசாகேப் 1956இல் இறந்தபோது எழுதி முடித்ததும் முடிக்காததுமாகக் கட்டுக்கட்டாகக் காகிதம் விட்டுப் போனார். வசந்த் மூன் என்கிற தனிமனிதர் விடாமல் உழைத்ததால்தான் 1979இலிருந்து மகாராஷ்டிர அரசின் தொகுதிகள் வர ஆரம்பித்தன. 1987இல் 'இந்து மதப் புதிர்கள்' வந்ததும் ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கு என்று கலவரம். 1988இல் பம்பாய்த் தெருக்களில் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இறங்கி நடந்ததால் அந்தப் பக்கங்கள் நின்றன, அரசாங்கத்துக்கு இதில் உடன்பாடில்லை என்கிற ஒரு குறிப்போடு. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' 1990இல்தான் அச்சானது. மசூர் ஸ்டேஷனில் மாட்டு வண்டி கிடைக்காமல் நின்ற ஒன்பது வயதுப் பையனை நாம் அந்தச் சிறு புத்தகத்தில்தான் பார்த்தோம். இதெல்லாம் போனஸா? இதெல்லாம் இல்லாமல் நாம் ஏது?

பல நாள் யோசித்து நான் கண்டுபிடித்த வித்தியாசம் இது. பாபாசாகேப் அந்தக் காகிதங்களை வேண்டாம் என்று எறியவில்லை. உடம்பும் காசும் காலமும் போதவில்லை. ரோட்ரிகஸுக்கும் அப்படித்தான். தடுக்கப்பட்டதை வெளியே கொண்டுவருவது வேறு, மறுக்கப்பட்டதை வெளியே கொண்டுவருவது வேறு. நைனா வாழ்க்கையில் அவரைக் கேட்டு நடந்த காரியம் எத்தனை இருக்கும்? எங்கே குடியிருக்க வேண்டும், எந்தக் கிணற்றில் தண்ணி எடுக்க வேண்டும், எந்தப் பிணத்துக்கு அடிக்க வேண்டும், எதையும் அவரைக் கேட்டு யாரும் முடிவு பண்ணவில்லை. அவர் சொந்தமாக ஒன்று சொன்னார், இதை அடிக்கமாட்டேன் என்று. அதற்காக ஆறு மாசம் பிணைப்பு வேலை இல்லாமல் கிடந்தோம். கேழ்வரகுக் கூழிலேயே அந்த ஆறு மாசம் போனது. அவர் விட்டுப் போன சொத்து என்று கணக்கெடுத்தால் அந்த ஒரு "மாட்டேன்"தான் இருக்கிறது.

ஆனால் இந்த வித்தியாசமும் கிழிகிறது. அவர் மறுத்தது அந்த அடியையா, அந்த அடிமைத்தனத்தையா? 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் நிகழ்ச்சி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து வந்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சட்டியும் கித்தாரும் சேர்ந்து எழுந்த ஒரு இடத்தில் 1996 வந்து தோளைத் தட்டியது. சாவு வீட்டுத் தாளம் அங்கே யாரையும் தலைகுனிய வைக்கவில்லை. நைனா அங்கே நின்றிருந்தால் "அழிச்சிடு" என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அப்படித் தோன்றுவது எனக்கு. செத்தவர்களுக்கு நம் கருத்தை மாட்டிவிடுவது சுலபம், அவர்கள் கழற்றிப் போடமாட்டார்கள்.

அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கேசட்டில் உள்ள ஏழையும் விட அதுதான் பெரிசு. கித்தார் ரொம்ப நேரம் சும்மா இருக்கிறது. அப்புறம் ஒரே ஒரு கம்பி, நீளமாக. நைனா அதைக் கவனித்து அடியை மெதுவாக்குகிறார், சாவு அடியை மெதுவாக்கி நான் கேட்டதே இல்லை. அந்த இடத்தில் அந்த இரண்டு பேரும் முதலாளி மகனும் கூலிக்காரனும் இல்லை. இதைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பேச்சுப் பதிவு விஷயத்தில் முதலில் நான் இவ்வளவு குழம்பவில்லை. நாம் சாட்சியம் எழுதுகிறவர்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்ததிலிருந்து, நம் வீட்டு அவமானத்தை நாமே எழுதுவது நம் இலக்கியமாகவே இருக்கிறது. நைனா "சாமி" என்று கூப்பிட்டது நடந்தது. நடந்ததை உலகம் கேட்கட்டும், கித்தாரும் பறையும் பேசிக்கொண்ட அழகுக்குப் பின்னால் இது இருந்தது என்று தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டுக் கேட்டபோது ஒன்று பிடிபட்டது. நைனா யாருக்குப் பதில் சொல்கிறார்? எதிர்க்குரலே இல்லை. தாளம் நிற்கிறது, உடனே "மன்னிச்சிக்கோங்க சாமி". நிறுத்தச் சொன்னவர் யார், என்ன சொல்லி நிறுத்தினார்?

அண்ணனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நான் கோவமா பேசியிருந்தேன்ப்பா. கேக்கவே நல்லா இல்ல. அத கட் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கு அவருக்கு அந்தக் குரல் வெட்கமாக இருக்கிறது, உண்மையாகவே. ஆனால் பாருங்கள் தோழர்களே, அவர் வெட்கத்துக்குக் கத்திரிக்கோல் கிடைத்தது, எங்க நைனா வெட்கத்துக்கு போனஸ் என்று பெயர் கிடைத்தது. திட்டியவன் இல்லாத ரெக்கார்டில் மன்னிப்புக் கேட்கிறவன் மட்டும் இருந்தால், கேட்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும்? இயல்பிலேயே பணிவான ஒரு பெரியவர், பாவம், எவ்வளவு அடக்கம் என்று தெரியும். சாட்சியம் என்றால் இரண்டு குரலும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆவது பிரிவு, படைத்தவர் உரிமையை விற்றுவிட்டாலும் தன் பெயரைக் கோரவும், தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் இளையராஜா வழக்கில் இந்தத் தார்மீக உரிமையை ஏற்றுத்தான் பேசியது. மேல்முறையீடும் வழக்கும் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அவர் காசுக்காக அலைகிறார் என்று கேலி பேசியவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! அவர் தன்னை நம்மோடு சேர்த்துச் சொல்வதில்லை என்கிற கோபம் நமக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் என் பாட்டு எனது என்று ஒரு பண்ணைப்புரத்துக்காரர் கோர்ட் ஏறிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கையில் இந்தக் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடிப்பவருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1994இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துபவருக்கென்று ஓர் உரிமையைச் சேர்த்தது, இப்போது அதற்கு ஐம்பது வருஷ ஆயுள். 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்தியவர் என்று தன்னை அடையாளம் சொல்லக் கோரும் உரிமையையும் கொடுத்தது. ஆக 1996இல் வேலூரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே எங்க நைனாவுக்கு ஓர் உரிமை இருந்திருக்கிறது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெயர் விஷயத்தில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். எங்களுக்குப் பக்கத்து ஊர் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருந்தது. அதே வருஷம் டிஜே ஸ்னேக் என்கிற வெளிநாட்டுக்காரரின் மறுகலவையாக அது திரும்பவும் வெளிவந்து, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் ஏறியபோது அதில் அறிவு இல்லை. ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் ஆகஸ்ட் அட்டையிலும் இல்லை; ரஞ்சித் உள்ளிட்டவர்கள் கேட்ட பிறகு இணைய அட்டை ஒன்றில் அவரைப் போட்டார்கள். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. அது கூட்டாகச் செய்த வேலை, எல்லாருக்கும் சமபங்கு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். பாட்டில் தங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று 2024இல் அவரே சொன்னார். யார் எவ்வளவு செய்தார்கள் என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஒரு பாட்டு இரண்டாம் தடவை வெளியே வரும்போது யார் சேர்கிறார்கள், யார் உதிர்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

சட்டி அடித்த மாமா இன்னும் இருக்கிறார், ஒரு கண் தெரியவில்லை. அவரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். மறுப்பு, உரிமை, சாட்சியம் என்று நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். "எல்லாம் சரி நைனா. துட்டு எப்ப வரும்?" என்றார். போனஸ் இல்லாமல் போட்டால் வாங்க ஆள் இருக்காது, அதனால் தட்டே வராது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் என்றேன். "அப்ப போடச் சொல்லு. உங்க நைனா இன்னா, செத்தாரு. நான் இருக்கிறேனே. சாமின்னு நானுந்தான் கூப்புட்டேன், என் கொரலும் அதுல இருக்கும் பாரு." நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம், என் கௌரவத்துக்கு அவர் மருந்துச் செலவிலிருந்து காசு எடுக்கிறேனோ என்றுதான் இருந்தது. மறுபடி கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது, தூரத்தில் இன்னொரு குரலும் "சாமி" என்கிறது.

இதையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. அந்த இரண்டு நிமிஷத்தைத் தட்டில் போடாதே என்று அங்கே சொல்லிக்கொண்டு, இங்கே அதை வார்த்தைக்கு வார்த்தை அச்சில் ஏற்றியிருக்கிறேன். நான் மகன், நான் எழுதலாம் என்பது ஒரு பதில். அது போதுமான பதிலா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒன்று மட்டும்: இங்கே நிறுத்தச் சொன்னவரும் இருக்கிறார்.

எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். மகள் காட்டிவிட்டாள். சாவு அடியை அம்மா பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "எதுக்குடி இத எடுத்தாந்த? எடுத்துட்டுப் போ." ஆனால் பேச்சைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எனக்குப் புரிய நேரமானது. எங்க வீட்டில் நைனா போட்டோ இருக்கிறது, அதுவும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அவர் பேசிய குரல் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. இருப்பது அந்த இரண்டு நிமிஷம்தான். இப்போது அம்மா போனில் அது இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது போட்டுக் கேட்கிறார். நைனா "தப்பா போச்சுங்களா" என்று கேட்கிற இடத்தில் ஒருநாள் அம்மா இருட்டில், "ஒண்ணும் தப்பாவல, நீ அடி" என்றார்.

கம்பெனிக்கு எழுதினேன். ஏழு உருப்படிக்கும் சம்மதம். அட்டையில் நாலு பேர் பெயரும் அண்ணன் பெயர் அளவுக்கே இருக்க வேண்டும். மாமாவுக்குப் பங்குப் பணம் முன்கூட்டியே வேண்டும். பேச்சு வேண்டுமென்றால் நிறுத்தச் சொன்ன குரலோடு முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். பதில் வந்திருக்கிறது. பெயர் போடுவார்கள். முன்பணத்துக்கும் ஒத்துக்கொண்டார்கள். பேச்சை விட்டுவிடுகிறார்களாம். சாவு அடியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே, அதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்குள் சொல்ல வேண்டுமாம்.